அட்சரமணமாலை: ஒரு பிச்சைப் பாட்டின் வரலாறு

அருணாசல அட்சரமணமாலை, ரமண மகரிஷி (1879–1950) திருவண்ணாமலையில் இயற்றிய 108 கண்ணிகள் கொண்ட பாமாலை. அவருடைய அருணாசல துதி பஞ்சகம் என்னும் ஐந்து நூல்களின் தொகுதியில் இது முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. மற்ற நான்கு நவமணிமாலை, பதிகம், அஷ்டகம், பஞ்சரத்தினம் ஆகியவை. இன்று இது தோத்திர நூலாகவும் தத்துவ நூலாகவும் படிக்கப்படுகிறது. ஆனால் இது பிறந்த காரணம் சோறு. மலைக்குகையில் இருந்த ஒரு துறவியின் பெயர் ஊரில் பரவியதால் அவரைச் சுற்றி ஆட்கள் சேர்ந்தனர்; அவர்களுக்கு உணவு தேவைப்பட்டது; அந்தப் பெயரைச் சொல்லி வேறு சிலரும் உணவு வாங்கத் தொடங்கினர். அசலையும் போலியையும் வீட்டுப் பெண்கள் பிரித்தறிய ஓர் அடையாளப் பாட்டு வேண்டியிருந்தது.

புகழ் ஒரு மனிதரிடம் என்னென்ன கேட்கும், அவர் அதற்கு எதைக் கொடுப்பார், எதைக் கொடுக்க மறுப்பார் என்பதைப் பார்க்க இந்தப் பாட்டின் பின்னணி நல்ல இடம்.

பெயரை விட்டு வந்தவர்

வேங்கடராமன் என்ற இளைஞர் மதுரை அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். பிறந்த ஊர் திருச்சுழி. தந்தை சுந்தரம் ஐயர் இறந்தபின் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தார். 1896 ஜூலை மாதத்தில் ஏற்பட்ட மரண அனுபவத்துக்குப் பின் படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஆகஸ்டு 29 அன்று, பாடத்தைப் படிக்காததற்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயுடன் ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். கடிதம் ‘நான்’ என்று தொடங்குகிறது. போகப்போக எழுதுபவர் தம்மை ‘இது’ என்று குறிப்பிடுகிறார். முடிவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அண்ணனின் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை, 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற கணக்கை மட்டும் மறக்காமல் எழுதியிருந்தார்.

வழியில் பணம் தீர்ந்தது. திருக்கோவிலூரை அடுத்த கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினார். கடன் கொடுத்தவர் தம் முகவரியை எழுதித் தந்தார். சற்றுத் தூரம் போனதும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தவுடன் தலையை மழித்துக்கொண்டு, மிச்சமிருந்த காசை அய்யன்குளத்தில் எறிந்து, பூணூலையும் களைந்தார். தம்மை இன்னார் என்று காட்டக்கூடிய எல்லாவற்றையும் ஒரே நாளில் கழித்துவிட்ட ஒருவருக்கு, அடுத்த 50 ஆண்டுகள் பெயரும் புகழும்தான் பெரிய தொல்லையாக அமைந்தன.

மூங்கில் வேலி

முதலில் ஆயிரங்கால் மண்டபம். சிறுவர்கள் கல்லெறிந்ததால் அதன் கீழுள்ள பாதாள லிங்கக் குகைக்குள் போய் அமர்ந்தார். பூச்சிகள் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கிய அந்த நாட்களில் அவரைக் கவனித்துக் காத்தவர்களில் சேஷாத்ரி சுவாமிகள் முக்கியமானவர். பிறகு கோயில் வாகன மண்டபம், இலுப்பை மரத்தடி என்று இடம் மாறி, 1897 தொடக்கத்தில் கீழ்நாத்தூரில் உள்ள குருமூர்த்தத்துக்குப் போனார். பேசாமல், குளிக்காமல், அசையாமல் உட்கார்ந்திருக்கும் இளம் சாமியார் என்ற செய்தி பரவக் கூட்டம் வந்தது. ஆட்கள் மேலே விழாமல் இருக்க அவரைச் சுற்றி மூங்கில் வேலி போட வேண்டியதாயிற்று. திருவண்ணாமலையில் புகழ் அவரைத் தேடி வந்ததற்கான முதல் அடையாளம் அந்த வேலிதான்.

அங்கே அவருக்குத் தொண்டு செய்த அண்ணாமலைத் தம்பிரான், தேவாரம் பாடி ஊரில் உணவு பெற்றுவருபவர். ஒருநாள் அவருக்கு ஓர் ஆசை வந்தது: உயிரோடு இருக்கும் இந்தச் சாமிக்கு எண்ணெய், சந்தனம் எல்லாம் வைத்து, சிலைக்குச் செய்வதுபோல் அபிஷேகம் செய்ய வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட இளைஞர், தம்பிரான் உணவோடு வரும்முன், இந்த உடலுக்கு இந்தச் சோறே போதுமான தொண்டு என்னும் பொருளில் சுவரில் கரியால் எழுதிவைத்தார். அபிஷேகம் நின்றது. ஆனால் அதனால் வேறொரு சிக்கல் முளைத்தது. சாமிக்கு எழுத்து தெரியும் என்பது வெளியே வந்துவிட்டது.

தாலுகா அலுவலகத்தில் கணக்கராக இருந்த வேங்கடராமையர் அன்றாடம் வருபவர். எழுத்தறிந்தவர் என்று தெரிந்ததும், பெயரும் ஊரும் எழுதிக் காட்டாவிட்டால் அலுவலகத்துக்குப் போக மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வேறு வழியின்றி வேங்கடராமன், திருச்சுழி என்று எழுதினார். திருச்சுழி எங்கே இருக்கிறது என்று கேட்டவருக்குப் பெரிய புராணத்தைத் திறந்து, பாடல் பெற்ற தலமாக அந்த ஊர் வரும் இடத்தைச் சுட்டிக் காட்டினார். ஓர் அன்பரின் பிடிவாதத்துக்கு இரங்கி எழுதிய அந்த இரண்டு சொற்கள், தம்பிரான் வாய்வழியே மதுரையில் ஒரு மடம்வரை சென்று, அங்கிருந்து வீட்டாருக்கு எட்டின. 1898 மே மாதத்தில் சிற்றப்பா நெல்லையப்பையர் வந்தார். அதே ஆண்டு இறுதியில் தாய் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து, பல நாள் அழுது கேட்டும் மகன் வாய் திறக்கவில்லை. அவரவர் வினைப்படி நடப்பது நடந்தே தீரும், ஆகவே மௌனமாக இருப்பதே நல்லது என்ற கருத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாய் தனியே திரும்பினார். இந்த வரலாற்றில் புகழுக்கு உண்மையான விலை கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தத் தாயைத்தான் சொல்ல வேண்டும். மகனை ஊரே கும்பிடுகிறது. அவருக்கு மட்டும் மகன் இல்லை. 1916-ல்தான் அவர் மலைக்கே வந்து மகனோடு தங்கினார்.

குகைக்குக் கட்டணம்

1899 முதல் 1916 வரை ரமணர் விருபாட்ச குகையில் இருந்தார். விருபாட்ச தேவரின் சமாதி உள்ள இந்தக் குகை நகரிலுள்ள ஒரு மடத்தின் பொறுப்பில் இருந்தது. கார்த்திகை தீபத்தின்போது கூட்டம் பெருகவே, குகைக்குள் வருபவர்களிடம் மடத்தார் ஒரு சிறு தொகை வசூலிக்கத் தொடங்கினர். வருபவர்கள் பார்க்க விரும்பியது சமாதியையா, உள்ளே இருந்த இளைஞரையா என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ரமணர் சண்டை போடவில்லை. குகையை விட்டு வெளியே வந்து ஒரு மரத்தடியில் அமர்ந்தார். வசூல் எல்லையை அந்த மரம் வரைக்கும் நீட்டினார்கள். அவர் இன்னும் கீழே இறங்கி சத்குரு சுவாமி குகைக்குப் போய்விட்டார். கூட்டமும் அவரோடு இறங்கிப் போனது. விருபாட்ச குகைக்கு ஆளே வராமல் போகவும், கட்டணம் இல்லை, திரும்பி வாருங்கள் என்று அழைத்துக்கொண்டு போனார்கள்.

வேறு வகை வசூலும் நடந்தது. மலையில் இருந்த ஒரு சாது, ரமணர் தம் சீடர் என்று வருபவர்களிடம் சொல்லிக் காசு வாங்கினார். இதை அவர் ஒளிக்கவும் இல்லை. நான் உன் குரு என்று சொல்லி நாலு காசு பார்க்கிறேன், உனக்கு அதில் நட்டம் ஒன்றும் இல்லையே, மறுத்துப் பேசாதே என்று ரமணரிடமே கேட்டுக்கொண்டார். ரமணர் மறுத்துப் பேசவில்லை. இன்னொரு சாது பொறாமையால் மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டபோது, விளையாட்டுக்குச் செய்தேன் என்றார்.

இக்காலத்தில்தான் பெயரும் மாறியது. அதுவரை பிராமண சுவாமி என்றே ஊரார் அழைத்தனர். 1907 நவம்பர் 18 அன்று மலையேறி வந்த வடமொழிப் புலவர் காவ்யகண்ட கணபதி முனிவர், அவருக்கு பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்று பெயர் வைத்தார். பெயரைத் துறந்து வந்தவருக்கு அதைவிட நீளமான பெயர் கிடைத்தது. 1911-ல் வேலூருக்கு வந்த காவல் துறை அதிகாரி ஹம்ப்ரீஸ் அவரைச் சந்தித்து எழுதிய கடிதங்கள் லண்டனில் ஓர் இதழில் வெளியாயின. ரமணரைச் சந்தித்த மேலைநாட்டவர்களில் முதல்வராக அவரே சொல்லப்படுகிறார்.

சங்கு ஊதிப் பெற்ற சோறு

தொடக்க நாட்களில் ரமணர் தாமே தெருவில் இறங்கிப் பிச்சை எடுத்தவர். வீட்டு வாசலில் நின்று கைதட்டுவார். கையில் போடுவதைத் தெருவிலேயே உண்டுவிட்டு நடப்பார். ஒரே வீட்டுக்கு அடிக்கடி போவதில்லை. அந்த நாட்களில் தமக்கு இருந்த நிறைவைப் பின்னாளில் அவர் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

விருபாட்ச குகையில் நிலைமை வேறு. கேரளத்தைச் சேர்ந்த பழனிசாமி முதலான அன்பர்கள் உடன் தங்கினர். வருகிறவர்களும் இருந்து உண்டனர். எச்சம்மாள் போன்ற பெண்கள் நாள்தோறும் மலையேறி உணவு கொண்டுவந்தும் எல்லோருக்கும் போதவில்லை. அன்பர்கள் சேர்ந்து ஊருக்குள் பிச்சைக்குப் போவார்கள். குகையிலிருந்து கிளம்பும்போது சங்கு ஊதுவார்கள். அடிவாரத்தில் இன்னொரு முறை ஊதுவார்கள். தெருவில் நுழையும்போது சிவநாமப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு வருவார்கள். சங்குச் சத்தம் கேட்டதும் வீடுகளில் பெண்கள் சோற்றை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கிடைத்த எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய் ஒன்றாகக் கலந்து எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள். குழம்போ காயோ இல்லாத நாளில் சோற்றில் வெந்நீர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பார்கள். உப்பு வேண்டும் என்றுகூட யாரிடமும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் அது உப்போடு நிற்காது என்பது ரமணரின் கணக்கு.

இந்த ஏற்பாடு நன்றாக நடப்பதைப் பார்த்த வேறு சில சாதுக்கள், அன்பர்கள் வருவதற்குச் சற்று முன்பே அதே தெருக்களில் வந்து, விருபாட்ச குகையிலிருந்து வருகிறோம் என்று சொல்லிச் சோற்றை வாங்கிப் போகலாயினர். பிறகு வருபவர்களுக்கு வெறும் பாத்திரம்தான். பழைய சிவநாமப் பாட்டு யார் வேண்டுமானாலும் பாடக்கூடியதாக இருந்ததால், அது அடையாளமாக உதவவில்லை. நமக்கென்று தனியாக ஒரு பாட்டு எழுதித் தாருங்கள் என்று அன்பர்கள் ரமணரைக் கேட்டனர். அவருக்கு முதலில் விருப்பமில்லை. தேவாரம் இருக்கிறது, திருவாசகம் இருக்கிறது, பெரியவர்கள் பாடி வைத்தது ஏராளம் இருக்கும்போது புதிதாக எதற்கு என்பது அவர் எண்ணம். ஆனால் பாட்டு பின்னர் தானாக வந்தது. கிரிவலம் போகும் வழியில் பல கண்ணிகள் உருவாயின. 1914-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 108 கண்ணிகளும் நிறைவடைந்தன.

கண்ணிகள் அகரவரிசை ஒழுங்கில் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் மலையின் பெயரைச் சொல்லி விளிப்பதில் முடிகிறது. பள்ளிப் பிள்ளைகள் அரிச்சுவடியைப் போல நினைவில் வைத்துக்கொள்ள இது ஏற்றது. தெருவில் நடந்துகொண்டே பாட இரண்டடிக் கண்ணியும் திரும்பத் திரும்ப வரும் பெயரும் பொருந்துகின்றன. ஒருவர் பாட மற்றவர்கள் விளியில் சேர்ந்துகொள்ளலாம். சொல்லும் தெருச்சொல்லுக்கு அருகில் இருக்கிறது. தலைவியாக நின்று தலைவனாகிய மலையை நோக்கிக் கெஞ்சுவது, ஊடுவது, ஏசுவது, சவால் விடுவது எல்லாம் இதில் உண்டு. வீட்டிலிருந்து தன்னை இழுத்து வந்தது யார் என்று மலையிடம் முறையிடும் இடம் உண்டு. உண்ண வந்தவர் தாமே உணவாகிப்போனதைச் சொல்லும் கண்ணியும் உண்டு. பிச்சைப் பாத்திரத்தோடு நிற்கும் ஒருவர் வாயில் அந்தக் கண்ணி எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இந்நூலின் தனித்தன்மை தெரியும்.

பாட்டு வந்தபின் வீட்டுப் பெண்களுக்குக் குழப்பம் இல்லாமல் போயிற்று. ஆனால் அடையாளமாகப் பிறந்த பாட்டு வெகுநாள் அடையாளமாகவே நிற்கவில்லை. வருவோர் போவோர் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டனர். ரமணர் அதைத் தடுத்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. பொருள் கேட்டவர்களுக்கும் அவர் விளக்கம் தரவில்லை. பாடுகிறவர்கள் சிந்தித்துக் கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். விரிவான உரையைப் பின்னாளில் எழுதியவர் முருகனார். 1923-ல் ரமணரிடம் வந்து சேர்ந்த இவர் தமிழாசிரியராகப் பணியாற்றியவர்.

தையல் இயந்திர ஏஜெண்டு

ரமணருடைய பாடல்கள் ஊரைத் தாண்டியது எப்படி என்பதற்கு, பதிகமும் அஷ்டகமும் அச்சேறிய கதை நல்ல சான்று. இவ்விரண்டும் யாரும் கேட்காமலே பிறந்தவை. விருபாட்ச குகையில் இருந்தபோது, காலையில் எழுந்ததும் ஒரு சொல் மனத்தில் தோன்றி விடாமல் நின்றது. பல நாள் அடக்கிப் பார்த்தும் போகாததால் எழுதத் தொடங்கினார். நாளுக்கொன்றாகப் பாடல்கள் வந்தன. பிறகு ஒருநாள் கிரிவலம் கிளம்பியபோது, சுவாமி இன்றும் பாடினாலும் பாடுவார் என்று அய்யாசாமி என்ற அன்பர் தாளும் பென்சிலும் கொடுத்தனுப்பினார். அன்று வழியிலேயே ஆறு பாடல்கள் எழுதப்பட்டன.

அன்று மாலை நாராயண ரெட்டி என்பவர் வந்தார். வேலூரில் சிங்கர் கம்பெனியின் ஏஜெண்டாக இருந்தவர். தையல் இயந்திர வியாபாரத்துக்கு நடுவில் சில நூல்களை வெளியிட்ட அனுபவமும் அவருக்கு இருந்தது. பாடல்களைப் பற்றி அன்பர்கள் சொன்னதும், உடனே கொடுங்கள், அச்சடித்துவிடுகிறேன் என்று பிடித்துக்கொண்டார். முதல் பதினொன்று ஒரு யாப்பில் இருந்ததால் பதிகமாயிற்று. மற்ற யாப்பில் இருந்தவை அஷ்டகத்துக்கு எண்ணிக்கை போதவில்லை. ரமணர் அங்கேயே மேலும் இரண்டு பாடல்களை இயற்றி எட்டாக்கினார். 19 பாடல்களையும் வாங்கிக்கொண்டு ஏஜெண்டு புறப்பட்டார். உரிமை, பங்கு, ஒப்பந்தம் என்ற பேச்சே இல்லை. எண்ணிக்கையும் யாப்பும் சரியாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஆசிரியர் கவனமாக இருந்தார்.

பிறந்தநாளும் வயிறும்

புகழைப் பற்றி ரமணர் நேரடியாகப் பாடியது மிகக் குறைவு. அவற்றில் குறிப்பிடத்தக்கவை 1912-ல் எழுந்த இரண்டு பாக்கள். அவ்வாண்டு அன்பர்கள் முதன்முறையாக அவர் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பினர். அவருக்கு அது உடன்பாடில்லை. பிறந்தது யார், எங்கிருந்து பிறந்தோம் என்று கண்டுகொள்வதே பிறந்தநாள் என்றும், உலகில் வந்து பிறந்துவிட்டோமே என்று வருந்த வேண்டிய நாளில் விழா எடுப்பது பிணத்துக்கு அலங்காரம் செய்வது போன்றது என்றும் பொருள்படப் பாடினார். மிகக் கடுமையான கருத்துதான். அன்பர்கள் அந்தப் பாக்களைப் பயபக்தியோடு எழுதி வைத்துக்கொண்டு, பிறந்தநாளையும் கொண்டாடினார்கள். இன்றும் ஜயந்தி விழா ஆண்டுதோறும் நடக்கிறது. புகழ்பெற்றவரின் மறுப்பையே புகழுக்கு இன்னொரு பூவாகச் சூட்டிவிடுவது அடியார் கூட்டத்தின் பழைய பழக்கம்.

திடீரென வந்த புகழின் தொல்லையையே பாட்டாக்குவது இன்றைய ராப் இசையில் பழகிப்போன செய்தி. அமெரிக்கப் பாடகர் எமினெம் 1999-ல் ஓர் ஆல்பத்தால் உலகறிந்தவர் ஆனார். அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தின் பெரும்பகுதி, தம்மை மொய்க்கும் ரசிகர்களையும் ஏசுகிறவர்களையும் பற்றியது. கடிதத்துக்குப் பதில் வராததால் வெறிகொள்ளும் ரசிகன் ஒருவனின் கதையான ‘ஸ்டான்’ அதில்தான் உள்ளது. அந்தக் கோபப் பாட்டுகளே அவர் புகழைப் பல மடங்காக்கின. காலமும் வாழ்க்கையும் முற்றிலும் வேறு என்றாலும், தொல்லையைப் பற்றிப் பாடியது தொல்லையை வளர்த்தது என்ற அளவில் 1912-ன் பாக்களுக்கும் அதற்கும் ஓர் உறவு இருக்கிறது.

நகைச்சுவையோடு அமைந்த பாட்டும் ஒன்று உண்டு. ஒரு நாள் உணவை ஒழி என்றால் ஒழியாமலும், இரு நாளுக்கு ஏற்றுக்கொள் என்றால் ஏற்காமலும் இருக்கும் வயிற்றை நொந்துகொள்வதாக ஔவையார் பெயரில் ஒரு பாட்டு வழங்குகிறது. ஒரு சித்ரா பௌர்ணமியன்று ஆசிரமத்தில் விருந்து பலமாக நடந்தது, உண்டவர்கள் திணறினர். ஒருவர் ஔவையின் பாட்டைச் சொன்னார். ரமணர் அதை அப்படியே திருப்பினார். வயிறு பேசுவதாகவும், ஒரு நாழிகைகூட ஓய்வு தராமல் தின்றுகொண்டே இருக்கும் உயிரோடு காலந்தள்ள முடியவில்லை என்று முறையிடுவதாகவும் பாடினார். வெந்நீரில் கரைத்த சோற்றிலிருந்து இந்த விருந்து வரைக்கும் வந்த தூரம்தான் அவர் புகழின் தூரம். அன்பர்கள் கொண்டுவந்து குவிப்பதை மறுக்கவும் முடியாமல், தமக்கு மட்டும் என்று ஏற்கவும் மனமில்லாமல், எதுவானாலும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடு என்ற விதியை அவர் கடைசிவரை விடவில்லை.

இன்னொரு வழி

அதே ஊரில் அதே காலத்தில் புகழை வேறு விதமாகக் கையாண்டவர் சேஷாத்ரி சுவாமிகள் (1870–1929). 1889-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர். ஓரிடத்தில் தங்க மாட்டார். கடைக்குள் புகுந்து சாமான்களை வாரி இறைப்பார். காசை எடுத்து வீதியில் எறிவார். கும்பிட வருபவர்களைச் சில சமயம் அடித்தும் விரட்டுவார். பித்தர் என்ற தோற்றம் அவருக்கு வேலியாக இருந்தது. ஆனால் அவர் நுழைந்த கடையில் வியாபாரம் பெருகும் என்று கடைக்காரர்கள் நம்பத் தொடங்கியதும் அந்த வேலியும் பயன்படாமல் போயிற்று. ஓடினாலும் அமர்ந்தாலும், ஏசினாலும் பேசாமல் இருந்தாலும், ஊர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது.

மலையிலிருந்து இறங்கிய பின்

1916-ல் ரமணர் இன்னும் மேலே உள்ள கந்தாசிரமத்துக்குப் போனார். தாய் 1922 மே 19 அன்று காலமானார். அடிவாரத்தில் பாலித் தீர்த்தத்தின் அருகே அமைந்த தாயின் சமாதிக்கு நாள்தோறும் இறங்கி வந்துகொண்டிருந்தவர், அவ்வாண்டு இறுதியில் அங்கேயே தங்கிவிட்டார். அதுவே ரமணாசிரமம் ஆயிற்று. 1924 ஜூன் மாதத்தில் பணம் இருக்கும் என்று நம்பி வந்த திருடர்கள் ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் அவரையும் காலில் அடித்தனர். புகழ் இருக்கும் இடத்தில் பொருளும் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

இழப்புகளில் பெரியது கிரிவலம். மலையைச் சுற்றி நடப்பது அவருக்கு மிகவும் பிடித்தமானது; அட்சரமணமாலை பிறந்ததே அந்த நடையில்தான். அவர் கிளம்பினால் ஆசிரமமே கூடக் கிளம்பியது, கூட்டம் பெருகியது. 1926-க்குப் பின் அவர் கிரிவலம் போவதை நிறுத்திக்கொண்டார். எந்த மலைக்காக வந்தாரோ அதைச் சுற்றி நடப்பதையே விட நேர்ந்தது. மக்களை விட்டு விலகிப் போய்விட மூன்று முறை முயன்றதாகவும் மூன்றும் பலிக்கவில்லை என்றும் பின்னாளில் அவரே அன்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

1931-ல் வந்த பால் பிரண்டன் 1934-ல் லண்டனில் வெளியிட்ட நூலுக்குப் பிறகு வெளிநாட்டார் வரத்து அதிகமானது. 1938-ல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்து போனார். 1944-ல் வெளியான அவருடைய நாவலில் அந்தச் சந்திப்பின் சாயல் இருக்கிறது. இந்த ஆண்டுகளிலும் ரமணர் விடியுமுன் சமையலறையில் அமர்ந்து காய் நறுக்குவதையும் துவையல் அரைப்பதையும் நெடுங்காலம் விடவில்லை. அங்கே விழுந்து கும்பிடுகிறவர் இல்லை. வேலை தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் மட்டுமே இருந்தார்கள். வரும் கடிதங்களை எல்லாம் படிப்பார். பதில்களையும் பார்த்துத் திருத்துவார். ஆனால் அவை அவர் பெயரில் போனதில்லை.

ஆசிரமத்தின் உரிமை யாருக்கு என்ற வழக்கும் வந்தது. முன்பு நிர்வாகத்தில் இருந்த ஒருவர் நீதிமன்றம் போனார். ரமணரிடம் சாட்சியம் எடுக்க ஆசிரமத்துக்கே ஆணையர் வந்தார். நீங்கள் நான்கு ஆசிரமங்களில் எந்த ஆசிரமம் என்ற கேள்விக்கு, அவற்றுக்கு அப்பாற்பட்ட அதியாசிரமம் என்று விடை சொன்னார். இத்தகைய சிக்கல்கள் தொடரக் கூடாது என்று 1938-ல் உயில் எழுதப்பட்டது. கையெழுத்திட வேண்டிய இடத்தில் ரமணர் பெயர் எழுதவில்லை. ஒரு கோடு இழுத்தார். 1896-ல் மதுரையில் வைத்துவிட்டு வந்த கடிதத்தின் முடிவில் இருந்ததும் அதுவே.

பாட்டின் பிற்காலம்

1949-ல் இடக்கையில் தோன்றிய புற்றுநோய்க்கு நான்கு முறை அறுவை நடந்தது. நோய் முற்றிய நாட்களிலும், தம்மைப் பார்க்க வருபவர்களைத் தடுக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அன்பர்கள் அவர் இருந்த சிறிய அறையின் முன்னால் வரிசையாகக் கடந்து சென்றனர். 1950 ஏப்ரல் 14 மாலையில் வெளியே அமர்ந்திருந்தவர்கள் அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். கேட்டவர் கண்களைத் திறந்தார்; விழியோரத்தில் நீர் வழிந்தது என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இரவு 8.47-க்கு மூச்சு அடங்கியது.

அட்சரமணமாலை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. இளையராஜா ‘ரமண மாலை’ என்ற பெயரில் ரமணரைப் பற்றிய பாடல்களை ஓர் ஆல்பமாக வெளியிட்டிருக்கிறார். ஆசிரமத்தில் இப்பாமாலை கூட்டாகப் பாடப்படுகிறது. பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையில் நடப்பவர்களும் பாடிக்கொண்டு போகிறார்கள். பிச்சைக்கு யாரும் அதைப் பாடுவதில்லை. ஆசிரமத்தில் நாள்தோறும் முற்பகலில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள். வாங்க வருபவர்கள் எந்தக் குகையிலிருந்து வருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.